கணக்கில் உதவி கேட்பது எப்படி?



வீட்டுக்குத் தரப்பட்ட ஐந்து கணக்குகளில் மூன்றை முடித்துவிட்டீர்கள். நான்காவது நகர மறுக்கிறது. நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள விடை ஒன்று. உங்களுக்கு வரும் விடை வேறொன்று. நாளைக் காலை நோட்டை ஆசிரியரின் மேசையில் வைத்தாக வேண்டும். இந்நிலையில் பலர் செய்வது என்ன? முதல் மணி அடிப்பதற்கு முன்பே நண்பனின் நோட்டை வாங்கி, வரிக்கு வரி எழுதிவிடுகிறார்கள். நோட்டில் 'சரி' விழுந்துவிடுகிறது. ஆனால் கணக்கு வந்துவிட்டதா?

பிறரிடம் உதவி கேட்பது இழுக்கு அன்று. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்பவனே மாணவன். ஆனால் உதவியில் இரு வகை உண்டு. சைக்கிள் ஓட்டக் கற்றதை நினைத்துப் பாருங்கள். கற்றுத் தந்தவர் இருக்கையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். சாயும்போது பிடித்தார், நேராகச் செல்லும்போது கையை எடுத்துவிட்டார். அவரே ஏறி உட்கார்ந்து தெருவைப் பத்து முறை சுற்றிக் காட்டியிருந்தால் நீங்கள் இன்றுவரை சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டீர்கள்.

கணக்கிலும் அப்படியே. இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றிலும் உங்களுக்குத் தேவைப்படுவது முழு விடை அன்று. எந்தப் படியில் சாய்ந்தீர்களோ, அந்தப் படியில் ஒரு கை பிடித்தால் போதும். அந்தப் படி எது என்று பிறருக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதே உதவி கேட்கும் கலை. அதை மூன்று கணக்குகளின் வழியாகப் பார்ப்போம்.

மூன்று வரிகள்

யாரிடமும் செல்வதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரிகளை எழுதுங்கள்.

1. கணக்கில் தரப்பட்டவை எவை? (அலகுகளுடன்)
2. கேட்கப்படுவது எது?
3. நான் எதுவரை வந்தேன்? எங்கே நின்றேன்?

முதல் இரண்டு வரிகளை எழுதுவது எளிது என்று தோன்றும். எழுதிப் பார்த்தால்தான் தெரியும். கணக்கு வரவில்லை என்று வருபவர்களிடம் புத்தகத்தை மூடிவிட்டு, 'கணக்கில் என்ன கேட்டிருக்கிறார்கள், சொல்' என்றால் பலர் தயங்குவார்கள். கணக்கைப் படிக்காமலே வாய்ப்பாட்டைத் தேடத் தொடங்கியதால் வந்த தயக்கம் அது. மூன்றாவது வரிதான் முக்கியமானது. அது இல்லாமல் 'சார், இந்தக் கணக்கு வரவில்லை' என்று மட்டும் சொன்னால், ஆசிரியர் கணக்கு முழுவதையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? நீங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவீர்கள்.

இயற்பியல்: பந்து எப்போது தரையைத் தொடும்?

20 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் மேல்விளிம்பிலிருந்து ஒரு பந்து வினாடிக்கு 15 மீட்டர் திசைவேகத்தில் நேராக மேல்நோக்கி எறியப்படுகிறது. அது எத்தனை வினாடிக்குப் பிறகு தரையைத் தொடும்? (புவியீர்ப்பு முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 10 மீட்டர் எனக் கொள்க. காற்றின் தடையைக் கருத வேண்டாம்.)

ஒரு மாணவி இக்கணக்கைச் செய்கிறாள் என வைத்துக்கொள்வோம். 'இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம்' என்ற வாய்ப்பாடு அவளுக்கு நன்றாகத் தெரியும். நேரத்தை 'நே' எனக் கொண்டு எண்களைப் பொருத்துகிறாள்.

20 = 15 நே + 5 நே²

5ஆல் வகுத்து வரிசைப்படுத்தினால்,

நே² + 3 நே − 4 = 0
(நே + 4) (நே − 1) = 0

நேரம் எதிர்க்குறியில் இருக்க முடியாது என்று −4ஐ விட்டுவிடுகிறாள். விடை 1 வினாடி. நூலிலோ 4 வினாடி என்று இருக்கிறது.

இந்த இடத்தில் நோட்டை மூடிவிடலாகாது. தவறான விடையும் ஒரு செய்தியைச் சொல்லும். அதைக் கேட்க வேண்டும். வாய்ப்பாட்டை மறந்துவிட்டுப் பந்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் மேலே புறப்பட்ட பந்தின் வேகம் ஒவ்வொரு வினாடியும் 10 மீட்டர் குறைகிறது. மேலே போய் ஒரு கணம் நிற்பதற்கே அதற்கு 1.5 வினாடி வேண்டும். அப்படியானால் 1 வினாடியில் அது எப்படித் தரைக்கு வரும்? அப்போது அது இன்னும் மேலேறிக்கொண்டல்லவா இருக்கும்!

ஆகவே விடை தவறு என்பதை நூலின் துணை இல்லாமலே அவளால் கண்டுகொள்ள முடியும். இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். 1 வினாடி என்பது எந்தப் பந்தின் விடை? வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி எறியப்பட்ட பந்து முதல் வினாடியில் 15 + 5 = 20 மீட்டர் இறங்கித் தரையைத் தொடும். மாணவி செய்த கணக்கு பிழையற்றது; ஆனால் அது வேறொரு பந்தின் கணக்கு! பந்து மேலே செல்கிறது, புவியீர்ப்போ கீழே இழுக்கிறது. இரண்டுக்கும் ஒரே குறியைப் போட்டதால் மேலே போக வேண்டிய பந்து கீழே போய்விட்டது.

இப்போது அவள் ஆசிரியரிடம் செல்கிறாள். அவள் கேள்வி எப்படி இருக்கும்?

'சார், எனக்கு 1 வினாடி வருகிறது. ஆனால் பந்து மேலே போய் நிற்கவே 1.5 வினாடி ஆகிறது. 15க்கும் 10க்கும் ஒரே குறியைப் போட்டிருக்கிறேன். எதற்கு எந்தக் குறி என்று எப்படி முடிவு செய்வது?'

இந்தக் கேள்விக்கு ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் உதவலாம்: 'எந்தத் திசை நேர்க்குறி என்பதை முதலில் நீயே முடிவு செய்; பிறகு எல்லா அளவுகளுக்கும் அதையே பின்பற்று.' அவ்வளவுதான், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். மேல்நோக்கிய திசை நேர்க்குறி என்றால், திசைவேகம் +15, முடுக்கம் −10. பந்து புறப்பட்ட இடத்துக்குக் கீழே 20 மீட்டரில் முடிவதால் இடப்பெயர்ச்சி −20.

−20 = 15 நே − 5 நே²
நே² − 3 நே − 4 = 0
(நே − 4) (நே + 1) = 0

விடை 4 வினாடி. இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். 1.5 வினாடியில் பந்து 11.25 மீட்டர் ஏறுகிறது. அங்கிருந்து தரைக்கு 31.25 மீட்டர். ஓய்விலிருந்து அவ்வளவு தூரம் விழ 2.5 வினாடி. மொத்தம் 4 வினாடி. இரு வழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

நேரம் −1 என்று வந்ததே, அது என்ன? 'எதிர்க்குறி வந்தால் அடித்துவிடு' என்று பலரும் பழகியிருக்கிறோம். சற்றுப் பொறுங்கள். நாம் பந்தைக் கையிலிருந்து விட்டதற்கு 1 வினாடி முன்பு தரையிலிருந்து ஒருவர் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை மேலே எறிந்திருந்தால் என்ன ஆகும்? ஒரு வினாடியில் அது 25 − 5 = 20 மீட்டர் ஏறி, நம் கையருகே சரியாக வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கடந்து செல்லும். அதன் பிறகு அந்தப் பந்தும் நம் பந்தும் ஒன்றுதான். சமன்பாட்டுக்கு நம் கையைப் பற்றித் தெரியாது. பாதையை மட்டுமே தெரியும். அந்தப் பாதை தரையைத் தொடும் இரு கணங்களையும் அது சொல்லிவிட்டது. நம் கணக்குக்கு வேண்டிய கணத்தைத் தேர்ந்துகொள்வது நம் வேலை.

நண்பனின் நோட்டைப் படியெடுத்திருந்தால் இதில் எதுவும் கிடைத்திருக்குமா? 4 என்ற எண் மட்டுமே கிடைத்திருக்கும்.

வேதியியல்: சரியான விதி, தவறான இடம்

மூடிய கலம் ஒன்றில் 4 கிராம் ஹைட்ரஜனும் 4 கிராம் ஆக்ஸிஜனும் உள்ளன. மின்பொறி செலுத்தப்பட்டு வினை முழுமையாக நிகழ்கிறது. எத்தனை கிராம் நீர் உண்டாகும்?

'நிறை மாறா விதிப்படி 4 + 4 = 8 கிராம்' என்று பலர் எழுதுவார்கள். விதி சரியானது. நூலில் விடை 4.5 கிராம் என்றிருப்பதைக் கண்டதும், 'நிறை மாறா விதி இங்கே பொய்த்துவிட்டதா?' என்ற குழப்பம் வருகிறது. இது நல்ல குழப்பம். இதை அப்படியே மூன்றாவது வரியில் எழுத வேண்டும்: '8 கிராம் பொருள் உள்ளே இருந்தது, 4.5 கிராம்தான் நீராகியிருக்கிறது. மீதி 3.5 கிராம் எங்கே?'

இப்படி எழுதியவர்களில் பாதிப் பேருக்கு ஆசிரியரிடம் போகும் தேவையே இராது. மீதி எங்கே என்று கேட்டவுடன், 'வினையில் ஈடுபடாமல் அங்கேயே இருக்கலாமே!' என்று தோன்றிவிடும்.

ஒரு சைக்கிள் கடையை எண்ணிப் பாருங்கள். 10 சட்டங்களும் 8 சக்கரங்களும் இருக்கின்றன. எத்தனை சைக்கிள் பூட்டலாம்? நான்குதான். சக்கரம் தீர்ந்துவிட்டது, ஆறு சட்டங்கள் மூலையில் கிடக்கும். எது முதலில் தீர்கிறதோ அதுவே எண்ணிக்கையை முடிவு செய்கிறது.

நம் கலத்தில் தீர்ந்துபோவது எது? இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்ஸிஜனும் சேர்ந்து இரண்டு மோல் நீர் தருகின்றன. கிராமில் சொன்னால்,

4 கிராம் ஹைட்ரஜன் + 32 கிராம் ஆக்ஸிஜன் → 36 கிராம் நீர்

ஹைட்ரஜனைப் போல் 8 மடங்கு ஆக்ஸிஜன் வேண்டும். நம்மிடமுள்ள 4 கிராம் ஆக்ஸிஜனுக்கு அரை கிராம் ஹைட்ரஜன் போதும். ஆகவே 4.5 கிராம் நீர் உண்டாகிறது, 3.5 கிராம் ஹைட்ரஜன் அப்படியே தங்குகிறது. கூட்டிப் பாருங்கள்: 8 கிராம். விதி பொய்க்கவில்லை. கலத்தில் உள்ள அனைத்துக்கும் பொருந்தும் விதியை நீருக்கு மட்டும் பொருத்தியதுதான் பிழை.

கணிதம்: நூலில் அச்சுப் பிழையா?

√(ய + 7) = ய − 5 என்ற சமன்பாட்டைத் தீர்க்க.

இரு பக்கங்களையும் வர்க்கப்படுத்துவோம்.

ய + 7 = ய² − 10 ய + 25
ய² − 11 ய + 18 = 0
(ய − 9) (ய − 2) = 0

ய = 9 அல்லது 2. நூலிலோ 9 மட்டும் இருக்கிறது. 'ஒரு மூலத்தை அச்சிட விட்டுவிட்டார்களோ?' என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்குமுன் ஒன்று செய்ய வேண்டும்: இரு எண்களையும் முதல் சமன்பாட்டில் பொருத்திப் பாருங்கள். 9ஐப் பொருத்தினால் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 4. 2ஐப் பொருத்தினால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. பொருந்தவில்லை!

அச்சில் பிழையில்லை. அப்படியானால் 2 எங்கிருந்து வந்தது? இதுவே கேட்கத் தகுந்த கேள்வி. விடையும் அருகிலேயே இருக்கிறது. 3ம் −3ம் வெவ்வேறு எண்கள். வர்க்கப்படுத்தினால் இரண்டும் 9. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோகிறது. அந்த இடைவெளியில் 2 உள்ளே நுழைந்துவிட்டது.

பந்துக் கணக்கில் நாம் ஒதுக்கிய −1ஐ இதனுடன் ஒப்பிடுங்கள். −1 தன் சமன்பாட்டை முழுமையாக நிறைவு செய்தது. கேட்ட கேள்விக்கு வெளியே இருந்ததால் அதை ஒதுக்கினோம். 2 தன் சமன்பாட்டையே நிறைவு செய்யவில்லை. இரண்டும் 'வேண்டாத மூலங்கள்' என்றாலும் ஒதுக்குவதற்குக் காரணம் வேறு வேறு.

உதவி கேட்டு ஒரு கடிதம்

உதவி கேட்டு எழுதப்பட்ட கடிதங்களில் உலகப் புகழ் பெற்ற ஒன்று நம் சென்னையிலிருந்து சென்றது. 1913 ஜனவரி 16 அன்று, சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜில் கணித அறிஞராக விளங்கிய ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் அவர் வேறு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பயன் விளையவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தம் நிலையைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, தாம் கண்ட முடிவுகளில் ஏறத்தாழ 120ஐப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்திருந்தார். 'நான் எதுவரை வந்திருக்கிறேன்' என்ற நம் மூன்றாவது வரி அங்கே முழுமையாக இருந்தது.

அதனால்தான் ஹார்டியால் குறிப்பாக உதவ முடிந்தது. எவை முன்பே அறியப்பட்டவை, எவை புதியவை, எவை புதியனவும் முக்கியமானவும் என்று பிரித்துப் பார்த்து அவர் பதில் எழுதினார். நிரூபணங்களை அனுப்புமாறு கேட்டார். பகா எண்களைப் பற்றிய சில முடிவுகளில் பிழை இருந்ததும் அக்கடிதத் தொடர்பில்தான் வெளிப்பட்டது. 1914இல் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

பள்ளி நாள்களில் அவருக்குக் கிடைத்த உதவியும் நினைவிற்கொள்ளத் தக்கது. கும்பகோணத்தில், 1903ஆம் ஆண்டளவில், கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்தது. அதில் சுமார் 5000 முடிவுகள் இருந்தன. நிரூபணங்கள் மிகச் சுருக்கம், பல இடங்களில் இல்லவே இல்லை. குறையாகத் தோன்றும் அதுவே அவருக்கு உதவியாயிற்று. ஒவ்வொரு முடிவையும் சிலேட்டில் தாமே செய்து பார்த்தார்.

இராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. அதற்கு ஒன்பது நாள்கள் முன்பு, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஜார்ஜ் போல்யா பிறந்தார். பிற்காலத்தில் அவரும் ஹார்டியுடன் சேர்ந்து பணிபுரிந்தார். கணக்குகளைத் தீர்ப்பது எப்படி என்பதையே பொருளாகக் கொண்டு போல்யா 1945இல் வெளியிட்ட நூல் உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது. கணக்கைப் புரிந்துகொள்ளுதல், வழி வகுத்தல், செய்து முடித்தல், திரும்பிப் பார்த்தல் என நான்கு கட்டங்களை அவர் கூறினார். ஆசிரியர் தரும் உதவி மிகவும் அதிகமாகவும் இருக்கலாகாது, மிகவும் குறைவாகவும் இருக்கலாகாது. மாணவனுக்கென்று நியாயமான பங்கு மிஞ்ச வேண்டும் என்பது அவர் கருத்து.

கேட்காமல் விட்ட ஒரு சந்தேகம்

சந்தேகத்தைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பர் 11 அன்று 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலத்தைச் செவ்வாயை நோக்கி அனுப்பியது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது அது தொலைந்துபோனது. காரணம் ஓர் அலகுப் பிழை. சிறு உந்திகள் தந்த கணத்தாக்கை ஒரு கணிப்பொறி நிரல் பவுண்டு விசை அலகில் தந்தது. அதைப் பெற்றுக்கொண்டவர்கள் நியூட்டன் அலகு என்று கொண்டார்கள். 1 பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். செவ்வாயின் பரப்புக்கு ஏறத்தாழ 226 கிலோமீட்டர் மேலே கடந்திருக்க வேண்டிய கலம், ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்திலேயே அதன் காற்று மண்டலத்துக்குள் நுழைந்துவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. எண்கள் ஒத்துவரவில்லை என்ற ஐயம் பயணத்தின்போதே பாதையைக் கணித்தவர்களுக்குத் தோன்றியிருந்தது. ஆனால் அந்த ஐயம் முறைப்படி எழுதி எழுப்பப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. 'என் விடை ஏன் ஒத்துவரவில்லை?' என்று தாளில் எழுதிக் கேட்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும் வேலை அன்று.

யாரிடம் கேட்பது?

முதலில் பாட ஆசிரியர். வகுப்பு நடக்கும்போது கேட்கத் தயக்கமாக இருந்தால், மூன்று வரித் தாளுடன் இடைவேளையில் செல்லுங்கள். எழுதிக்கொண்டு வரும் மாணவரைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர் அரிது. எங்கே நின்றோம் என்பது தாளில் இருப்பதால் அவர் நேரமும் மிச்சமாகும்.

அடுத்து, உடன் படிப்பவர்கள். நோட்டைக் கேட்காதீர்கள், 'முதல் படி மட்டும் சொல், மீதியை நான் செய்கிறேன்' என்று கேளுங்கள். சொல்லித் தரும் நண்பனுக்கும் இதில் லாபம் உண்டு. பிறருக்கு விளங்கும்படி சொல்லும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது தெரியும்.

வீட்டில் பெற்றோர் படித்திருந்தால்தான் உதவி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பள்ளிக்கே செல்லாத தாயிடமும் கணக்கை எடுத்துச் சொல்லலாம். சைக்கிள் சக்கரக் கணக்குக்கு வேதியியல் தெரிய வேண்டுமா என்ன? 'எது முதலில் தீரும்?' என்று அரிசியும் பருப்பும் அளப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பந்து மேலே போய்த் திரும்புவதை வாய்விட்டு விளக்கும்போது, விடை கேட்பவரிடமிருந்து வராவிட்டாலும் சொல்பவரிடமே பிறந்துவிடுவது உண்டு. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டியவர்கள் இதை அவசியம் செய்து பார்க்க வேண்டும்.

விடைக் கையேடுகள் கடைகளில் கிடைக்கின்றன. இன்றோ கணக்கைக் கைப்பேசியில் படம் பிடித்தால் சில வினாடிகளில் படிகளுடன் விடை தரும் செயலிகளும் வந்துவிட்டன. இவற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பயன்படுத்தும் முறைதான் முக்கியம். ஒரு தாளால் விடையை மூடிக்கொள்ளுங்கள். முதல் வரியை மட்டும் பாருங்கள். மூடிவிட்டு அங்கிருந்து நீங்களே தொடருங்கள். அவற்றிலும் பிழைகள் வருவதுண்டு. பந்து 1 வினாடியில் தரைக்கு வருகிறது என்று எது சொன்னாலும் அதை நம்பாமல் இருக்கும் அறிவு உங்களிடம் இருக்க வேண்டும்.

உதவி கிடைத்த பிறகு

ஆசிரியர் விளக்கும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். உண்மையில் புரிந்ததா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. நோட்டை மூடிவிட்டு வெற்றுத் தாளில் முதல் வரியிலிருந்து மீண்டும் செய்யுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அங்கே இன்னும் விளங்கவில்லை என்று பொருள். அடுத்த நாள் மறுபடியும் ஒரு முறை செய்யுங்கள். பிறகு எண்களை மாற்றுங்கள்: கட்டடம் 20 மீட்டருக்குப் பதில் 50 மீட்டர் என்றால்? பந்தின் திசைவேகம் 15 மீட்டரே இருக்கட்டும். (விடை முழு எண்ணாகவே வரும்.)

கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். பள்ளி இறுதித் தேர்வில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவர் புதிய கணக்கைக் கண்டதும், 'இது நடத்தப்படவில்லை' என்று பேனாவை வைத்துவிடுகிறார். மற்றவர், 'இதுவரை புரிகிறது, இதற்குமேல் தெரியவில்லை' என்கிறார். இரண்டாமவருக்கு உதவுவது எளிது. தேர்வுக் கூடத்தில் அருகில் யாரும் இல்லாதபோதும், எங்கே நிற்கிறோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள அவரால் முடியும்.

நீங்களே செய்து பாருங்கள்

விடைகளைத் தரவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். முதலில் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு முயலுங்கள்.

1. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து, பிரேக் போட்டபின் 50 மீட்டர் ஓடி நிற்கிறது. அதன் வேகக் குறைவு வினாடி வர்க்கத்துக்கு எத்தனை மீட்டர்? வேகம் இரு மடங்காக இருந்து, பிரேக் அதே அளவில் பிடித்தால் எத்தனை மீட்டர் ஓடி நிற்கும்?
குறிப்பு: முதலில் எல்லா அளவுகளையும் மீட்டரிலும் வினாடியிலும் எழுதுக. இரண்டாம் கேள்விக்கு 100 மீட்டர் என்று விடை வந்தால், எந்த வாய்ப்பாட்டில் வேகத்தின் வர்க்கம் வருகிறது என்று பார்க்க.

2. 80 விழுக்காடு தூய்மையான சுண்ணாம்புக்கல் 25 கிராம் முழுமையாகச் சூடேற்றப்படுகிறது. எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்? (100 கிராம் கால்சியம் கார்பனேட் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பைத் தரும். மாசுகளிலிருந்து சுண்ணாம்பு கிடைப்பதில்லை.)
குறிப்பு: 14 என்று வந்தால், வினைபுரியாத ஒன்றையும் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

3. (அ) ஓர் எண்ணையும் அதைவிட 3 அதிகமான எண்ணையும் பெருக்கினால் 40 வருகிறது. அந்த எண் எது? (ஆ) ஒரு செவ்வக நிலத்தின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம். பரப்பு 40 சதுர மீட்டர். அகலம் எவ்வளவு?
குறிப்பு: சமன்பாடு ஒன்றே. விடைகளும் ஒன்றேதானா?

4. மாணவியின் முதல் சமன்பாட்டில் −4 வினாடி என்று ஒரு மூலம் வந்தது. கீழ்நோக்கி எறியப்பட்ட பந்துக்கு அது எதைக் குறிக்கும்?
குறிப்பு: −1க்கு நாம் சொன்ன கதையை மீண்டும் படிக்க.

எங்கேனும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். தாளை எடுத்து மூன்று வரிகளை எழுதுங்கள். மூன்றாவது வரியை எழுதி முடிப்பதற்குள் கணக்கு நகரத் தொடங்கினால், உதவி கேட்க வேண்டியவரிடமே கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். அப்படியும் நகராவிட்டால், தயங்காமல் அந்தத் தாளுடன் ஆசிரியரிடம் செல்லுங்கள்.